கிராமத்து நிலம் வாங்கும் முன்: அமெரிக்கத் தற்சார்புப் பண்ணைகளும் சொத்து வரியும்

நகரத்து வேலையை விட்டுவிட்டு, பத்து இருபது ஏக்கர் வாங்கி, கிணறு தோண்டி, கோழியும் ஆடும் வளர்த்துத் தன் சாப்பாட்டைத் தானே விளைவித்து வாழ வேண்டும் என்ற ஆசை அமெரிக்காவில் பலருக்கு உண்டு. அங்கே வாழும் நம்மவர்களிலும் அப்படி நிலம் தேடுபவர்கள் இருக்கிறார்கள். அந்த வாழ்க்கையின் கணக்கு எளிமையானது. காய்கறி, முட்டை, பால் செலவு குறையும். சோலார் போட்டால் கரண்ட் பில் குறையும், விறகு இருந்தால் குளிர்காலச் செலவு குறையும். கையில் வரும் பணம் கொஞ்சமாக இருந்தாலும் காலம் தள்ளிவிடலாம்.

இந்தக் கணக்குக்குள் அடங்காத செலவு ஒன்று உண்டு. அது சொத்து வரி. அதை விளைச்சலாகக் கட்ட முடியாது, டாலராகத்தான் கட்ட வேண்டும். மழை பொய்த்த ஆண்டிலும் கட்ட வேண்டும், கடனெல்லாம் அடைத்து நிலம் முழுக்கச் சொந்தமான பிறகும் கட்ட வேண்டும். தமிழ்நாட்டில் வயலுக்குக் கிஸ்தி கட்டிப் பழகிய குடும்பங்களுக்கு நிலவரி ஒரு பொருட்டே இல்லை. அந்த நினைப்போடு அங்கே நிலம் பார்க்கக் கூடாது.

நான் முக்கியமாகச் சொல்ல வருவது இதுதான். நில விளம்பரத்தில் 'ஆண்டு வரி 310 டாலர்' என்று போட்டிருந்தால், அது விற்பவர் கட்டிய வரி. அவருடைய வயது, அவர் அங்கே குடியிருந்தாரா என்பது, எத்தனை ஆண்டுகளாக வைத்திருந்தார், நிலத்தில் என்ன செய்தார் என்பதையெல்லாம் பொறுத்து வந்த தொகை அது. நீங்கள் வாங்கியதும் இவற்றில் பல மாறிவிடும், வரியும் மாறும். அதே நிலத்துக்கு 310 டாலர் 3,000 டாலராகலாம்.

எண் எப்படி வருகிறது

சொத்து வரி மத்திய அரசுக்குப் போவதில்லை. கவுண்டி (நம் ஊர் மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி), பள்ளி மாவட்டம் (அந்தப் பகுதியின் அரசுப் பள்ளிகளை நடத்தும் அமைப்பு), சில இடங்களில் டவுன்ஷிப், தீயணைப்பு மாவட்டம், நூலகம், மருத்துவமனை மாவட்டம் என்று உள்ளூர் அமைப்புகள் ஒவ்வொன்றும் தன் பங்கைப் போட, எல்லாம் சேர்ந்து ஒரே பில்லாக வரும். பெரும்பாலான இடங்களில் பெரிய பங்கு பள்ளிக்கூடத்துக்குத்தான்.

அசெஸர் என்ற கவுண்டி அலுவலர் நிலத்துக்குச் சந்தை மதிப்பு போடுவார். அதில் எவ்வளவு சதவீதத்துக்கு வரி என்பதை மாநிலச் சட்டம் சொல்லும். ஜார்ஜியாவில் 40 சதவீதம். டென்னஸியில் வீட்டுக்கும் பண்ணைக்கும் 25 சதவீதம். மிஸௌரியில் விவசாய நிலத்துக்கு 12, குடியிருப்புக்கு 19. இப்படிக் கிடைக்கும் தொகையை மில் விகிதத்தால் பெருக்க வேண்டும். ஒரு மில் என்றால் ஆயிரம் டாலருக்கு ஒரு டாலர். ஆகவே ஒரு கவுண்டியில் 30 மில், இன்னொன்றில் 250 மில் என்று கேட்டவுடன் இரண்டாவது அநியாயம் என்று முடிவு கட்ட வேண்டாம். சதவீதத்தையும் சேர்த்துப் பார்த்தால்தான் ஒப்பிட முடியும்.

இதில் கிராமத்துக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. வீடுகள் குறைந்த பள்ளி மாவட்டத்தில் புதுப் பள்ளிக் கட்டடத்துக்குப் பாண்டு (கடன் பத்திரம்) போட்டு வாக்கெடுப்பில் தேறிவிட்டால், அந்தக் கடன் சில நூறு குடும்பங்களின் நிலத்தின் மேல்தான் விழும். நிலம் பார்க்கும்போதே, சமீபத்தில் பாண்டு ஏதாவது தேறியதா, அடுத்த தேர்தலில் வரப்போகிறதா என்று விசாரித்துக்கொள்வது நல்லது. மேற்கு மாநிலங்களில் பாசன மாவட்டத்துக்குள் இருக்கும் நிலம் என்றால், தண்ணீர் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் ஏக்கருக்கு இவ்வளவு என்று தனிக் கட்டணம் வரக்கூடும். அது சில சமயம் வரி பில்லில் சேராமல் தனியாக வரும். அதனால் விளம்பரத்தில் கண்ணில் படாது.

விற்பவருக்கு இருந்த காப்பு உங்களுக்கு வராது

பல மாநிலங்களில் ஒருவர் நிலத்தை வைத்திருக்கும் வரை வரி மதிப்பு வேகமாக ஏறாதபடி சட்டம் தடுக்கிறது. கலிஃபோர்னியாவில் 1978-இல் வந்த ப்ரொபொசிஷன் 13 என்ற சட்டம் அந்த மதிப்பை ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏற விடாது. ஆனால் கை மாறினால் வாங்கிய விலையே புது மதிப்பு. ஃப்ளோரிடாவில் சொந்தக் குடியிருப்புக்கு 3 சதவீத உச்சவரம்பு. மிச்சிகனில் 1994-இல் வந்த ப்ரொபோஸல் ஏ, 5 சதவீதம் அல்லது பணவீக்கம், எது குறைவோ அதைத் தாண்ட விடாது. அங்கும் சொத்து கை மாறிய மறு ஆண்டு அந்தத் தடை விலகிவிடும்.

மிச்சிகனையே கணக்குப் போட்டுப் பார்ப்போம். முப்பது ஆண்டு வைத்திருந்த ஒருவரிடம் வீடும் நிலமும் வாங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். சந்தை விலை 1,80,000 டாலர். அங்கே மதிப்பீடு அதில் பாதி, அதாவது 90,000. ஆனால் உச்சவரம்பின் கீழ் அவருக்கு வரி போடப்பட்டது வெறும் 38,000-க்கு. மொத்த விகிதம் 40 மில் என்றால், அவர் அங்கேயே குடியிருந்ததால் பள்ளி நடத்தும் செலவுக்கான 18 மில் அவருக்குக் கிடையாது. மீதி 22 மில்லுக்கு 836 டாலர் கட்டினார். நீங்கள் வாங்கி, உடனே குடியேறாமல் இரண்டு ஆண்டு கழித்து வரலாம் என்று இருந்தால், மறு ஆண்டு 90,000-க்கும் 40 மில்லுக்கும் சேர்த்து 3,600 டாலர். யாரும் உங்களை ஏமாற்றவில்லை, சட்டமே அப்படித்தான் இருக்கிறது. ஒரேகனில் மாதிரி, உச்சவரம்போடு கூடிய மதிப்பு வாங்குபவருக்கும் தொடரும் மாநிலங்களும் உண்டு. அதனால் எந்த வகை மாநிலம் என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதியோர், ஊனமுற்ற முன்னாள் ராணுவத்தினர் ஆகியோருக்கும் தனிச் சலுகைகள் உண்டு. கிராமத்து நிலத்தை விற்பவர்களில் வயதானவர்கள் அதிகம். ஆகவே இது அடிக்கடி குறுக்கே வரும்.

விவசாய மதிப்பு

வரியை உண்மையிலேயே தலைகீழாக மாற்றுவது இதுதான். நிலத்தை விற்றால் என்ன விலை போகும் என்று பார்க்காமல், அதில் விவசாயம் செய்தால் என்ன வருமானம் வரும் என்று பார்த்து மதிப்பு போடும் முறை. 1956-இல் மேரிலாந்து இதை முதலில் கொண்டுவந்தது. நகரம் நெருங்க நெருங்க நில விலை ஏறி, வரி கட்ட முடியாமல் விவசாயிகள் நிலத்தை விற்றுவிடக் கூடாது என்பதுதான் நோக்கம். இன்று ஏதோ ஒரு வடிவில் 50 மாநிலங்களிலும் இருக்கிறது.

டெக்சஸில் 20 ஏக்கர், ஏக்கர் 10,000 டாலர் என்று வைத்துக்கொள்வோம். சந்தை மதிப்பு 2,00,000. எல்லா அமைப்புகளும் சேர்ந்து 1.8 சதவீதம் என்றால் ஆண்டுக்கு 3,600 டாலர். அதே நிலத்துக்கு விவசாய மதிப்பு ஏக்கருக்கு 150 டாலர் என்று போட்டால் மொத்த மதிப்பு 3,000, வரி 54 டாலர். உதாரணத்துக்கான எண்கள்தான். ஆனால் வித்தியாசம் நிஜத்திலும் இந்த அளவுக்கு வரும். விளம்பரத்தில் வரும் சின்ன வரித் தொகைக்குப் பின்னால் பெரும்பாலும் இந்த மதிப்புதான் இருக்கிறது.

அது நிலத்தோடு தானாக வந்துவிடாது. டெக்சஸில் புது உரிமையாளர் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும், ஏப்ரல் முடிவதற்குள். கடந்த 7 ஆண்டுகளில் குறைந்தது 5 ஆண்டுகள் விவசாயம் முக்கியப் பயன்பாடாக இருந்திருக்க வேண்டும். அந்தப் பகுதியில் வழக்கமான அளவுக்கு விவசாயம் நடக்கிறதா என்றும் பார்ப்பார்கள். இரண்டு ஆட்டைக் கட்டிவைத்துக் காட்டினால் போதாது. 5 முதல் 20 ஏக்கருக்குள் என்றால் தேனீ வளர்ப்பும் கணக்கில் வரும். அதனால்தான் சின்ன நிலங்களில் தேன்பெட்டிகளை நிறையப் பார்க்க முடிகிறது. எத்தனை பெட்டி வேண்டும் என்பதை அந்தந்த மதிப்பீட்டு அலுவலகம் முடிவு செய்யும். வீடு கட்டினால் வீடும் அதைச் சுற்றிய இடமும் விவசாய மதிப்பிலிருந்து வெளியே போய்விடும்.

விவசாயத்தை நிறுத்தி நிலத்தைச் சும்மா விட்டால் சலுகை போகும். வேறு பயன்பாட்டுக்கு மாற்றினால் அதோடு நிற்காது. கடந்த 3 ஆண்டுகளில் மிச்சப்பட்ட வரி முழுவதையும் திரும்பக் கட்ட வேண்டும். ரோல்பேக் என்பது இதைத்தான். நம் உதாரணத்தில் ஆண்டுக்கு 3,546 வீதம் 10,638 டாலர். கவனிக்க வேண்டியது என்னவென்றால், அந்த 3 ஆண்டுகளும் நிலம் விற்பவர் கையில் இருந்திருக்கலாம். சலுகையை அனுபவித்தவர் அவர், பாக்கி நிலத்தின் மேல் நிற்கும், கட்டப்போவது நீங்கள். அதனால் ரோல்பேக் வந்தால் யார் பொறுப்பு என்று ஒப்பந்தத்திலேயே ஒரு வரி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இதை விற்பவரின் ஏஜென்ட் தானாக எழுதித் தரமாட்டார்.

மற்ற மாநிலங்களில் இது இன்னும் கடுமையாக இருக்கலாம். பென்சில்வேனியாவின் 'க்ளீன் அண்ட் க்ரீன்' திட்டத்தில் 7 ஆண்டு வரை பின்னோக்கிப் போவார்கள், 6 சதவீத வட்டியோடு. ஜார்ஜியாவில் 10 ஆண்டு ஒப்பந்தம் போட வேண்டும். நடுவில் மீறினால் மிச்சப்பட்ட வரியைப் போல் இரண்டு மடங்கு அபராதம். வெர்மான்டிலும் நியூ ஹாம்ப்ஷைரிலும் பயன்பாடு மாறும் பகுதியின் சந்தை மதிப்பில் 10 சதவீதம்.

தற்சார்பாக வாழ நினைப்பவர்கள் முன்கூட்டியே யோசிக்க வேண்டிய இடம் இனித்தான் வருகிறது. பல மாநிலங்கள் 'விவசாயம்' என்பதை விற்பனையை வைத்து அளக்கின்றன. நியூ ஜெர்சியில் குறைந்தது 5 ஏக்கரும், அந்த முதல் 5 ஏக்கருக்கு ஆண்டுக்கு 1,000 டாலர் விற்பனையும் வேண்டும். வட கரோலினாவில் பயிர் நிலம் என்றால் 10 ஏக்கர் சாகுபடியில் இருக்க வேண்டும், பழம் காய்கறி என்றால் 5 ஏக்கர், இரண்டுக்கும் சராசரியாக ஆண்டுக்கு 1,000 டாலர் வருமானம். ஒஹாயோவில் 10 ஏக்கருக்குக் குறைந்தால் சராசரி 2,500 டாலர். குடும்பம் முழுக்கத் தன் தோட்டத்துச் சாப்பாட்டைச் சாப்பிட்டு, மிச்சத்தைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்து, வெளியிலிருந்து எதையும் வாங்காமல் வாழ்ந்தால் அது அருமையான விவசாயம்தான். ஆனால் வரி அலுவலகத்தின் பார்வையில் விற்பனை பூஜ்யம். முட்டை, தேன், வைக்கோல், நாற்று என்று எதையாவது விற்று, ரசீது புத்தகம் வைத்து, வருமான வரிப் படிவத்தில் காட்டினால்தான் அந்த மதிப்பு நிலைக்கும். இது எனக்கு நியாயமாகப் படவில்லை, ஆனால் விதி அப்படித்தான் இருக்கிறது. தன் தேவைக்கு மட்டும் பயிரிட விரும்புபவர் முழுச் சந்தை மதிப்புக்கு வரி கட்ட வேண்டியிருக்கும் என்று வைத்தே பட்ஜெட் போட வேண்டும்.

ஏக்கர் கணக்கிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. 10 ஏக்கர் வேண்டும் என்று சட்டம் சொன்னால், வீடும் முற்றமும் கழித்து 10 ஏக்கர். சரியாகப் பத்து ஏக்கர் துண்டு வாங்கி அதில் வீடு கட்டினால் சாகுபடிக்கு மிஞ்சுவது ஒன்பதோ என்னவோ, வரம்புக்கு வெளியே. பெரிய பண்ணையைப் பத்துப் பத்தாகப் பிரித்து விற்பவர்கள் இதைச் சொல்வதில்லை. 12 ஏக்கர் துண்டுக்குக் கொஞ்சம் கூடுதல் விலை கொடுத்தாலும் அந்தப் பணம் சில ஆண்டு வரியிலேயே திரும்பிவிடக்கூடும். நிலத்தின் அளவைத் தீர்மானிக்கும் முன்பே மாநிலத்தின் வரம்பு என்ன என்று பார்ப்பது அதனால்தான் அவசியம்.

மரம் நிறைந்த நிலத்துக்குத் தனி வழி உண்டு. வட கரோலினாவில் 20 ஏக்கர் காடு, மெயினில் 10 ஏக்கர், வெர்மான்டில் 25 ஏக்கர். முறையான வனப் பராமரிப்புத் திட்டம் எழுதி அதன்படி நடக்க வேண்டும். விறகுக்கும் வேலிக்கும் மரம் வேண்டும் என்பவர்களுக்கு இது நல்ல பொருத்தம். ஆடு மாடு பராமரிக்க நேரம் இல்லாதவர்களுக்கும்தான்.

குடியேறும் வரை உள்ள இடைவெளி

நிறையப் பேர் முதலில் நிலத்தை வாங்கிப் போட்டுவிட்டு, ஐந்தாறு ஆண்டு நகரத்தில் சம்பாதித்து அப்புறம் போகலாம் என்று திட்டமிடுகிறார்கள். வரியைப் பொறுத்தவரை அந்த இடைவெளிதான் விலை அதிகமான காலம். தென் கரோலினா இதற்கு நல்ல உதாரணம். அங்கே சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டுக்கு மதிப்பீடு 4 சதவீதம், பள்ளி நடத்தும் செலவுக்கான வரியும் கிடையாது. குடியிருக்காத சொத்துக்கு 6 சதவீதம், பள்ளி வரியும் உண்டு. 1,50,000 டாலர் சொத்து, மொத்தம் 300 மில், அதில் பாதி பள்ளிக்கு என்று வைத்தால், குடியிருப்பவருக்கு 900 டாலர், குடியிருக்காதவருக்கு 2,700. ஒரே இடம், மூன்று மடங்கு வரி. அலபாமாவிலும் இதே மாதிரி 10 சதவீதம், 20 சதவீதம் என்று இரு வகுப்புகள்.

குடியேறியதும் சலுகை தானாக வராது, விண்ணப்பிக்க வேண்டும். வேறு மாநிலத்தில் இருக்கும் பழைய வீட்டுக்கும் அதே சலுகையை வைத்துக்கொண்டு இங்கேயும் கேட்க முடியாது. ஓட்டுநர் உரிமம், வாக்காளர் பதிவு எல்லாம் எங்கே இருக்கிறது என்று பார்ப்பார்கள். இடைப்பட்ட ஆண்டுகளில் பக்கத்துப் பண்ணைக்காரருக்குப் புல் வெட்டிக்கொள்ளவோ மாடு மேய்க்கவோ எழுத்து ஒப்பந்தத்தோடு குத்தகைக்கு விடுவது நல்ல வழி. பல மாநிலங்களில் யார் விவசாயம் செய்தாலும் விவசாய மதிப்பு நிலைக்கும். நிலத்தைப் பார்த்துக்கொள்ளவும் ஆள் இருக்கும்.

கட்டடங்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. வீடு, கொட்டகை, செப்டிக் டாங்க் எல்லாம் மதிப்பைக் கூட்டும். அனுமதி வாங்கியதுமே அசெஸருக்குத் தகவல் போய்விடும். மிஸௌரி போன்ற மாநிலங்களில் டிராக்டர், பிக்கப் டிரக், கால்நடைகளுக்கும் ஆண்டுதோறும் வரி உண்டு என்பதை மட்டும் மறந்துவிட வேண்டாம்.

எந்த மாநிலம் என்ற கேள்வி

'வருமான வரி இல்லாத மாநிலம்' என்று டெக்சஸையும் நியூ ஹாம்ப்ஷைரையும் நோக்கிப் போகிறவர்கள் பலர். பெரிய சம்பளம் வாங்குபவருக்கு அது சரி. ஆனால் கையில் காசு குறைவாகவும் நிலம் அதிகமாகவும் இருக்கும் வாழ்க்கைக்கு அந்தக் கணக்கு தலைகீழ். ஆண்டுக்கு 20,000 டாலர் மட்டும் சம்பாதிக்கும் குடும்பத்துக்கு மாநில வருமான வரி எங்கேயும் பெரிய சுமையாக இருக்காது. வருமான வரி போடாத மாநிலம் அந்தப் பணத்தைச் சொத்து வரியாகவோ விற்பனை வரியாகவோ எடுக்கத்தான் வேண்டும். அந்தச் சொத்து வரிதான் இவர்களைக் கடிக்கும். அலபாமா போல வருமான வரி போட்டுச் சொத்து வரியைக் குறைவாக வைத்திருக்கும் மாநிலம் இவர்களுக்கு உகந்ததாக இருக்கலாம்.

சொத்து வரியே இல்லாத இடமும் இருக்கிறது. அலாஸ்காவில் எந்த உள்ளாட்சிக்கும் உட்படாத பரந்த பகுதியில், அது மாநிலத்தின் பரப்பில் ஏறக்குறைய பாதி, நகராட்சிகளுக்கு வெளியே வரி போட ஆளே இல்லை. சாலை போட, பனி அள்ள, தீ அணைக்க வருவதற்கும் பெரும்பாலும் ஆள் இல்லை. வரி பில்லைப் பார்க்கும்போது அந்தக் காசில் என்ன வருகிறது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

விலை பேசும் முன்

கவுண்டி இணையதளத்தில் நிலத்தின் பார்சல் எண்ணை (நம் சர்வே எண் மாதிரி, அந்தத் துண்டு நிலத்துக்கான எண்) போட்டால் பெரும்பாலும் மதிப்பீட்டு அட்டையும் சில ஆண்டு வரி வரலாறும் கிடைக்கும். அதில் சந்தை மதிப்பு ஒரு கட்டத்திலும் வரிக்கான மதிப்பு இன்னொரு கட்டத்திலும் இருக்கும். இரண்டுக்கும் பெரிய இடைவெளி இருந்தால் ஏதோ சலுகை ஒளிந்திருக்கிறது என்று அர்த்தம். அப்புறம் அசெஸர் அலுவலகத்துக்கு ஒரு போன். 'இந்தப் பார்சலை இந்த விலைக்கு வாங்கினால், சலுகை எதுவும் இல்லாமல் அடுத்த ஆண்டு வரி எவ்வளவு வரும்? எனக்கு எந்தச் சலுகை பொருந்தும், எந்தத் தேதிக்குள் விண்ணப்பிக்க வேண்டும்?' என்று நேராகக் கேட்டுவிடலாம். கிராமத்து அலுவலகங்களில் பெரும்பாலும் பொறுமையாகவே பதில் சொல்வார்கள். அட்டையில் இடித்துத் தள்ளிய கொட்டகை இன்னும் இருப்பதாகவும், சதுப்பு நிலம் நல்ல வயலாகவும் பதிவாகியிருந்தால் மேல்முறையீடு செய்யலாம். அதற்கான காலக்கெடு மதிப்பீட்டு நோட்டீஸிலேயே இருக்கும். பல இடங்களில் சில வாரங்கள்தான் தருவார்கள்.

கட்டாமல் போனால்

வரி பாக்கி நிலத்தின் மேல் ஏறும், வட்டி சேரும், கடைசியில் ஏலம். சில மாநிலங்கள் பாக்கியை வசூலிக்கும் உரிமையை முதலீட்டாளருக்கு விற்கும், சில நிலத்தையே விற்கும். மினியாபொலிஸில் ஜெரால்டின் டைலர் என்ற மூதாட்டியின் வீட்டை வட்டியும் அபராதமும் சேர்ந்து 15,000 டாலர் ஆன பாக்கிக்காக ஹெனபின் கவுண்டி எடுத்து, 40,000-க்கு விற்று, மீதி 25,000 டாலரையும் தானே வைத்துக்கொண்டது. 2023 மே மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அது அரசமைப்புக்கு எதிரானது என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அப்போது அவருக்கு 94 வயது. இனி உபரிப் பணத்தைக் கவுண்டி அப்படியே விழுங்க முடியாது. ஆனால் பாக்கிக்காகச் சொத்தை எடுத்து விற்கும் அதிகாரம் இன்றும் இருக்கிறது.

வங்கிக் கடனில் வீடு வாங்கியவர்களுக்கு மாதத் தவணையோடு வரிக்கும் சேர்த்து வாங்கி வைக்கும் எஸ்க்ரோ கணக்கிலிருந்து பெரும்பாலும் வங்கியே வரியைக் கட்டிவிடும். கிராமத்து நிலத்தைப் பலர் ரொக்கமாகவோ விற்பவரிடமே தவணையாகவோ வாங்குகிறார்கள். அங்கே அந்த ஏற்பாடு பொதுவாக இருக்காது. தவணை முடியும் வரை பத்திரம் விற்பவர் பெயரிலேயே இருக்கும் ஒப்பந்தம் என்றால், வரி பில்லும் அவருக்கே போய்க்கொண்டிருக்கலாம். அவர் கட்டாமல் விட்டால் ஏலத்துக்குப் போவது நீங்கள் பாடுபட்டுத் திருத்திய நிலம். அவர் கட்டினாரா என்று ஒவ்வொரு ஆண்டும் கவுண்டி இணையதளத்தில் நீங்களே பாருங்கள். நேரடியாக வாங்கியவர்கள், பதிவு முடிந்த வாரமே கவுண்டி கருவூல அலுவலகத்தில் தங்கள் தபால் முகவரியைக் கொடுத்துவிடுங்கள். பில் வந்து சேரவில்லை என்று சொன்னால் பொதுவாக வட்டியும் அபராதமும் தள்ளுபடி ஆகாது.